மேஸ்திரிக்கு ஒரு போட்டோ

நெய்வேலி
9.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செங்குட்டுவன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், வெயில் ஒன்றுதான் சுகப்படவில்லை. பெங்களூர் குளிர் மாமாவுக்கு ஒத்துக்கொண்டதா? முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் உன் பையன் இனியன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான், ஹாலில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிறது, அதனால் கடிதமாக எழுது, ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வாசிக்கவும் ஒரு வேலை ஆகும் என்றாய். எழுதிவிட்டேன். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதுவது இப்போதுதான்.

புதுத் தொழில் ஒன்று தொடங்கியிருக்கிறேன். சிரிக்காதே, நாய்களுக்குப் போட்டோ. பாஸ்போர்ட் சைஸ் எடுக்கக் கடைக்கு ஆள் வருவது நின்று இரண்டு வருஷம் ஆகிறது, எல்லோரும் போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். போனில் சரியாக எடுக்க முடியாத ஒரே ஜீவன் நாய். நிற்காது. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸுக்கு ஒரு நாய் இருக்கிறது. கடைக்குக் கூட்டி வரச் சொன்னேன். முதல் நாளே மூன்று வந்து, ஒன்றை ஒன்று பார்த்து, என் ஷோகேஸ் கண்ணாடி போயிற்று. அப்புறம்தான் புத்தி வந்தது. நாய் கடைக்கு வரக் கூடாது, கடைதான் நாயைத் தேடிப் போக வேண்டும்.

இப்போது மொத்த ஸ்டூடியோவும் ஆம்னி வண்டியில் அடங்கிவிடும். குழாய் ஸ்டாண்டு பட்டறையில் சொல்லிச் செய்தது. அதில் பின்னணிக்குத் தொங்கவிட நீலம், பச்சை, மெரூன் என்று மூன்று துணி. வெள்ளை கிடையாது, காலையில் கட்டினால் மத்தியானத்துக்குள் நம் ஊர்த் தூசியில் சாம்பலாகிவிடும். பேட்டரி விளக்கு இரண்டு. பிளாஷ் அடித்தால் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. மடக்கு மேஜை, நகம் வழுக்காமல் இருக்க அதன்மேல் ரப்பர் பாய். ஒரு டப்பாவில் வேகவைத்த கோழி ஈரல். ஈரலை லென்ஸுக்கு மேலே பிடித்தால் எந்த நாயும் ஆபீசர் மாதிரி நிமிர்ந்து உட்காரும்.

போன மாசம் முப்பத்தொன்றாம் தேதி நீங்கள் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, மேஸ்திரியைப் பக்கத்து வீட்டு வீராயியிடம் விட்டுப் போனீர்கள் அல்லவா. மாமா பத்து வருஷம் தன் கையால் சோறு பிசைந்து போட்டு வளர்த்த நாய். அவனை ஓசியில் நல்லதாக ஒன்று எடுத்து, பிரிண்ட் போட்டு மாமாவுக்கு அனுப்புகிறேன். பதில் போடு.

தம்பி,
செங்குட்டுவன்


பெங்களூர்
17.6.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். மருமகளுக்கு இது ஏழாம் மாதம்.

மாமா உன் கடிதத்தை இரண்டு முறை சத்தமாக வாசித்தார். மேஸ்திரி வரி வந்ததும் மூன்றாவது முறையாக அதை மட்டும் வாசித்தார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பதினைந்து நாளாகிறது. ஒன்பதாவது மாடி பால்கனியில் நின்றுகொண்டு, கீழே எறும்பு மாதிரி போகிற நாய்களை எண்ணுகிறார். “போட்டோ எப்ப வருமாம்?” என்று தினம் கேட்கிறார். அந்த வரியை நீ தனித் தாளில் எழுதியிருக்கலாம்.

தம்பி, போட்டோ வேண்டாம். நாயைப் படம் எடுத்தால் அதற்கு ஆயுசு குறையும் என்பார்கள். வீராயி வீட்டுக்கும் போகாதே. அவள் வீட்டுக்காரர் பழனிவேலுக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்குகிற மனுஷன். மாமாவுக்கும் அவருக்கும் சீனியாரிட்டிச் சண்டையில் பேச்சு நின்றது உனக்குத் தெரியும். வழியில் எங்கேயாவது மேஸ்திரியைப் பார்த்தால் பார்த்துக்கொள். இல்லாவிட்டால் விட்டுவிடு.

வெயிலில் அலையாதே.

அக்கா,
பிரபாவதி


நெய்வேலி
26.6.2024

அக்காவுக்கு,

இதை மாமாவிடம் கொடுக்காதே. எல்லோரும் நலம்தானே என்று கேட்கக்கூட இப்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

ஆயுசு குறையும் என்று எழுதியிருந்தாய். கிரகணத்தன்று மீன் குழம்பு வைத்த ஆள் நீ. உனக்கு எப்போதிலிருந்து இந்த நம்பிக்கை? சரி, வேண்டாம் என்றால் இன்னும் நன்றாகப் போய்ப் பார்க்கத் தோன்றுகிற சுபாவம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வீராயி வீட்டுக்குப் போனேன். ஸ்டாண்டை இறக்கும்போதே அவள் கேட்டாள்.

“இன்னாண்ணே, எந்த நாய எடுக்கப் போறீங்க?”

“மேஸ்திரியத்தான். கூப்புடு.”

“வெளாடுறீங்களா? மேஸ்திரிய கூடவே கூட்டிக்கினு போறோம்னு அக்காதான சொல்லிச்சு. நான்கூட வழிக்கு ரெண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் குடுத்தேன்.”

“உங்க வூட்டுல விட்டுட்டுப் போறதா எங்கிட்ட சொன்னாங்களேம்மா.”

“எங்க வூட்டுலயா? எங்க ஊட்டுக்காரரு ஒரு கோழி வெக்கவே வுட மாட்டாரு. உங்க மாமா வளத்த நாய வுடுவாரா? நல்லா கேட்டீங்க போங்க.”

அக்கா, அன்றைக்கு லாரியில் பிரிட்ஜை ஏற்றிக் கயிறு கட்டியவன் நான். பீரோ இருந்தது, கிரைண்டர் இருந்தது, துளசித் தொட்டிகூட இருந்தது. நாய் இல்லை. மாமாவும் நீயும் காரில் ஏறியபோதும் இல்லை. “வீராயி உள்ளே கட்டிப் போட்டிருக்கிறாள், வண்டி பின்னாடி ஓடி வருவான், போய்ப் பார்க்காதீங்க” என்று நீ மாமாவைத் தடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீராயியிடம் மாமா கூட்டிப்போனார் என்கிறாய். மாமாவிடம் வீராயி வைத்திருக்கிறாள் என்கிறாய். நடுவில் நாய் எங்கே? ஒன்றும் புரியவில்லை. உடனே எழுது.

செங்குட்டுவன்


பெங்களூர்
22.7.2024

தம்பிக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மாமாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். அதனால்தான் எழுதத் தாமதம்.

வீராயிக்கு ஞாபக மறதி.

மாமா ஒரு பையில் இரண்டு வேட்டியை எடுத்து வைத்துவிட்டார். வருகிற மாசம் நெய்வேலி பஸ் ஏறப்போகிறாராம். “அந்த வூட்டு வாசப்படி ஏற மாட்டேன். ரோட்டுல நின்னு கூப்புட்டா மேஸ்திரி வருவான். பாத்துட்டு வந்துடறேன்” என்கிறார். இனியன் சொல்லியும் கேட்கவில்லை. இந்த உடம்போடு அவர் அங்கே வந்து அந்த ரோட்டில் நின்று கூப்பிடக் கூடாது தம்பி.

ஒரே ஒரு போட்டோ வந்தால் அடங்கிவிடுவார். நீ தினம் எத்தனையோ நாய் எடுக்கிறாய். செம்பழுப்பான செம்மி நிறம், மார்பில் வெள்ளை, இடது காது பாதியில் மடிந்திருக்கும். வேறு என்ன எழுத.

பிரபாவதி


நெய்வேலி
2.8.2024

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

உங்கள் செங்குட்டுவன். இங்கே மழை ஒன்று பெய்து ஊர் கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது. உங்கள் பிரஷரும் அதுபோல இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இத்துடன் மேஸ்திரியின் போட்டோ. நீலத் துணியில் எடுத்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறான், ஆனால் குறும்பு குறையவில்லை. நீங்கள் அலைந்து வர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

(அக்கா, மேலே இருக்கிறதை மாமாவிடம் கொடு. கீழே இருக்கிறதைக் கிழித்து வைத்துக்கொள்.)

நீ எழுதாததை நான் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். சரியாகப் புரிந்ததா என்பது தெரியவில்லை. வடக்குத்து மீன் மார்க்கெட் பின்னால் ஒரு செம்மி நாய் கிடந்தது. மார்பில் வெள்ளை இருக்கிறதா என்று தெரியவில்லை, சாம்பல்தான் தெரிந்தது. ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிய பிறகு கையகல வெள்ளை வந்தது. காது இரண்டும் கொம்பு மாதிரி நின்றன. இடது காதை உள்பக்கமாகப் பிளாஸ்திரி போட்டு மடித்தேன். ஆறு மணி நேரம், அரைக் கிலோ ஈரல். வேடிக்கை பார்த்த மீன்காரம்மா, “இன்னாப்பா, மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா இதுக்கு?” என்றாள்.

அக்கா, நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மைன்ஸ் கேட்டில் இட்லி விற்ற நாளிலிருந்து வியாபாரம் பண்ணுகிறேன். லுங்கியோடு வந்தவனுக்குக் கம்ப்யூட்டரில் கோட்டு டை மாட்டிப் போட்டோ கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டு தன்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. அதுதான் உறுத்துகிறது.

செங்குட்டுவன்


பெங்களூர்
14.8.2024

தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய். மாமா நேற்று ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டார்.

கவரைப் பிரித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிரேம் போடுவார், மாட்டுவார் என்று நினைத்தேன். கரண்ட் பில் வைக்கிற டிராயரில் வைத்து மூடிவிட்டார். பையிலிருந்த வேட்டியையும் எடுத்து மடித்து வைத்துவிட்டார். நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பத்தோரு வருஷம் பார்த்த முகம்.

இன்று காலையில், “உன் தம்பிய இன்னொண்ணு எடுக்கச் சொல்லு. மேஸ்திரி மல்லாந்து படுத்துக் கால ஆட்டுவானே, அப்புடி” என்றார். சிரித்தபடி சொன்னாரா, சிரிக்காமல் சொன்னாரா என்றுகூடத் தெரியவில்லை.

அந்த நாய் இன்னும் மார்க்கெட்டில் இருக்கிறதா?

அக்கா


நெய்வேலி
27.8.2024

அக்காவுக்கு,

மருமகளுக்கு நாள் நெருங்கியிருக்குமே, நல்லபடியாக ஆக வேண்டும். எனக்கு இடது கையில் நாலு பல், அரசாங்க ஆஸ்பத்திரியில் தவணை முறையில் ஊசி. அந்த நாயை மல்லாக்கப் புரட்டினேன். புரட்டக் கூடாது என்று கடித்த பிறகு தெரிந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஒவ்வொரு மாசமும் கடைசி நாலு நாளில் மட்டும் எனக்கு ஆர்டர் குவிகிறது. ஏன் என்று முதலில் புரியவில்லை. போன மாசம் முப்பதாம் தேதி ஒரு வீட்டில் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒன்றாம் தேதி பிரிண்ட் கொடுக்கப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. கேட்டுக்கு முன்னால் அதே நாய். ரிட்டயர் ஆகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணுவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிடுகிறார்கள், அக்கா. போட்டோவை எடுத்துக்கொண்டு நாயை விட்டுப் போகிறார்கள். விட்டுப் போகிறவர்களுக்கு ரசீது போட்டுக் கொடுக்கிற வேலையா நான் பார்க்கிறேன்? தொழில் தொடங்கிய மூன்று மாசத்தில் இப்படி ஒரு குழப்பம் எனக்கு எந்தத் தொழிலிலும் வந்ததில்லை.

நான் விலையை நேராகக் கேட்கிற ஆள். நேராகவே கேட்கிறேன். மேஸ்திரி செத்துப்போனானா? செத்துப்போனால் செத்துப்போனான் என்று ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் எங்கே என்று எழுது. வேறு நாயை நான் இனி எடுக்க மாட்டேன்.

செங்குட்டுவன்


பெங்களூர்
5.10.2024

தம்பி,

பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். கை ஆறிவிட்டதா? பலமுறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

மே முப்பதாம் தேதி மத்தியானம் ஆபீசில் மாமாவுக்கு வழியனுப்பு விழா. சால்வை, மாலை, பேச்சு. “நீயும் வா” என்றார். சாமான் கட்ட வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டேன். அவர் போனதும் ஒரு லோடு ஆட்டோ பிடித்து மேஸ்திரியை ஏற்றிக்கொண்டு நானும் ஏறினேன். பண்ருட்டி தாண்டி, மேல்பட்டாம்பாக்கம் தாண்டி, நெல்லிக்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை வாசலில் இறக்கினேன். வீராயி கொடுத்த பிஸ்கட்டைப் பிரித்து வைத்தேன். தின்றான். ஆட்டோ கிளம்பியது. பின்னாலேயே ஓடி வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. உட்கார்ந்துகொண்டு பார்த்தான். நான் திரும்பி வருவேன் என்று இருந்தான் போல. ஓடி வந்திருந்தால் ஏற்றிக்கொண்டு வந்திருப்பேனோ என்னவோ.

இந்த பிளாட்டில் நாட்டு நாய் கூடாது என்று விதி. மருமகள் வேறு வாயும் வயிறுமாக இருந்தாள். மேஸ்திரியை டவுன்ஷிப்பில் எங்கே விட்டாலும் பூட்டின வீட்டு வாசலில் வந்துதான் படுப்பான். யாராவது போன் பண்ணிச் சொல்வார்கள். மாமா திரும்பிப் போய்விடுவார். அவர் போன் பண்ணவே மாட்டாத வீடு பழனிவேல் வீடு ஒன்றுதான். அதனால் அந்தப் பெயரைச் சொன்னேன்.

இனியனுக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

பிரபாவதி


நெய்வேலி
29.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பேத்திக்கு என் முத்தம். தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை துணி தனியாக அனுப்பியிருக்கிறேன். கை ஆறிவிட்டது.

உன்னை ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்து உட்கார்ந்திருக்க எனக்கு நேரமும் இல்லை. ஐந்து மாசத்துக்கு முன் விட்ட நாயை ஊர் ஊராகப் போய்த் தேட முடியாது. அது நம்மைத் தேடி வர வேண்டும். அதற்குத்தான் என்னிடம் ஒரு ஸ்டூடியோ இருக்கிறதே. ‘வீட்டுப் பிராணிகளுக்கு இலவச போட்டோ, பிரிண்ட் கையோடு’ என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். இரண்டு ஞாயிறு நெல்லிக்குப்பத்தில். ஆடு வந்தது, சண்டைக் கோழி வந்தது, கூண்டோடு புறா வந்தது. ஒருவர் உழவு மாட்டைக் கொண்டுவந்து மடக்கு மேஜையில் ஏற்றச் சொன்னார். “இலவசம்னு போட்டுட்டு மாடு மட்டும் ஆவாதுன்னா எப்புடிங்க?” என்று சண்டை. துணியை மரத்தில் கட்டி எடுத்துக் கொடுத்தேன். நாய் மட்டும் நாற்பதுக்கு மேல். செம்மி நிறம் பதினொன்று. மார்பில் வெள்ளை ஆறு. எனக்கே கண் குழம்பிவிட்டது, எல்லாமே மேஸ்திரி மாதிரித் தெரிந்தன.

மூன்றாவது ஞாயிறு மேல்பட்டாம்பாக்கம். ஹரிணி என்று ஒரு பெண் பிள்ளை, ஆறாவது படிக்கிறாள், அம்மா சண்முகப்ரியாவோடு ஒரு நாயைக் கூட்டி வந்தாள். நன்றாகத் தின்று உருண்டு கிடந்தது. நம் மேஸ்திரி இவ்வளவு பருமன் கிடையாதே என்று ஈரலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, “மேஸ்திரி” என்றேன்.

திரும்பினான், அக்கா. வந்து என் கையை முகர்ந்தான். அப்புறம் திரும்பிப் போய் அந்தப் பிள்ளையின் கால்மேல் உட்கார்ந்துகொண்டான்.

“அவன் பேரு ஜிம்மி, அங்கிள்” என்றாள்.

“எங்கம்மா கெடச்சான்?”

“டீக்கடைகிட்ட ஒரே எடத்துல உக்காந்துகினே இருந்தான். மழ பேஞ்சாலும் எழுந்துக்கல. நான்தான் தெனம் சோறு வெச்சேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் எங்கூட வந்தான்.”

சண்முகப்ரியா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இது உங்க நாயாண்ணே?” என்று கேட்டாள். பிள்ளை கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எங்கள் மாமாவுடையது, கேட்டு வாங்க வரவில்லை என்றேன். அப்போதும் கயிற்றை விடவில்லை.

இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் மேஸ்திரி தனியாக. இன்னொன்றில் அந்தப் பிள்ளையோடு. இரண்டையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். தனிப் படத்தைக் காட்டினால் வீராயி வீட்டில்தான் இருக்கிறான் என்று நீ சொல்லிக்கொள்ளலாம், நாய் உண்மை நாய், யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. மற்றதைக் காட்டினால் அந்தப் பிள்ளை யார் என்று கேட்பார். நீ சொல்லியாக வேண்டும். எதைக் காட்டுவது என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

தம்பி,
செங்குட்டுவன்


பெங்களூர்
18.11.2024

அன்புள்ள மச்சான் செங்குட்டுவனுக்கு,

மாமா ராஜாங்கம் எழுதுவது. நானும் உன் அக்காவும் பேத்தியும் நலம். நீ குடும்பத்தோடு நலமாக இரு.

இரண்டு போட்டோவையும் உன் அக்கா என் முன்னால் வைத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

முதலில் நீ அனுப்பியது மேஸ்திரி இல்லை என்று கவரைப் பிரித்ததுமே தெரியும். மைன்ஸில் முப்பத்தைந்து வருஷம் மெஷின் பார்த்தவன், போல்ட்டு மாறினாலே எனக்குத் தெரியும். ஆனால் உன் அக்கா தோசைக் கரண்டியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாய் செத்துப்போயிற்று, எனக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு பேரும் மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதனால் சாப்பிட்டேன். மல்லாந்து படுத்த போட்டோ கேட்டது, உங்களில் ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்வீர்களா என்று பார்க்கத்தான். ஆகஸ்ட் மாசத்திலிருந்து அவனுக்கு நான் தனியாகத் துக்கம் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது உயிரோடு இருக்கிறான் என்கிறாய். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நாலு நாள் உன் அக்காவிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு வழக்கம்போல நின்றுகொண்டிருந்தாள். “ஒரு வாரம் அங்கயே உக்காந்துகினு இருந்தானாமே” என்றேன். அழுதாள். நான் தேற்றவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மேல்பட்டாம்பாக்கம் வருகிறோம். அவளும் வருகிறேன் என்கிறாள். அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, நாங்கள் யாரையும் அழைத்துப் போக வரவில்லை. ஜிம்மிக்குப் பால் மட்டும் ஊற்ற வேண்டாம் என்று சொல், வயிற்றுக்கு ஆகாது.

உன் அக்காவைக் கண்டால் அவன் வாலாட்டுவானா, ஓடுவானா என்று அவளுக்குப் பயம். எனக்கும் தெரியாது. எப்படி இருந்தாலும் துணியைக் கட்டி வை. நடுவில் அந்தப் பிள்ளையும் நாயும் நிற்கட்டும். எங்களை ஓரமாக நிறுத்து.

மாமா,
ராஜாங்கம்